ஆப்சென்ட் என்று வந்த மெசேஜ்

பள்ளி திறந்த முதல் வாரம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினியை, நாங்கள் குடியிருக்கும் ஈஜிபுராவில் பள்ளி வேன் ஏற்றிவிட்டு ஆபீஸ் போனேன். "உங்கள் குழந்தை இன்று ஆப்சென்ட்" என்று பள்ளியிலிருந்து மெசேஜ் வந்தது. செக்‌ஷன் மாற்றிய குழப்பத்தில் முந்தைய நாளும் இப்படித் தவறாக வந்ததால், அலட்சியமாக மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

மதியம் வேன் டிரைவர் அழுதுகொண்டே கூப்பிட்டார். "மேடம், பாப்பா பின்சீட்லயே தூங்கிட்டிருந்திருக்கு. பாக்காம பூட்டிட்டுப் போயிட்டேன்..."

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டித் தட்டி அவள் கைகள் வீங்கியிருந்தன. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

இப்போது அந்த மெசேஜ் வந்தால், பள்ளிக்குப் போன் போட்டு அவள் குரலைக் கேட்காமல் வைப்பதில்லை. ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விடுகிறேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்கிறாள்: "தூங்கலம்மா, முழிச்சுட்டுத்தான் இருக்கேன்."