பெத்ரா நீட்டிய தண்ணீர்

போன வருஷம், மெக்சிகோ மலைகளில் வாழும் ராராமுரிப் பெண்களின் ஓட்டப் பந்தயத்தில், பத்தாவது சுற்றில் அல்பினாவின் கால் இழுத்துக்கொண்டது. அவள் பக்கத்து மேலாற்றுக்காரர்கள் தோற்றார்கள். ஓடுகிறவள் தன் பக்கத்து ஆட்களிடம் மட்டுமே வாங்கிக் குடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தார் எதையாவது கலந்துவிடுவார்கள். அல்பினா குடித்ததோ அக்கா பெத்ராவின் கையால். பெத்ரா வாழ்க்கைப்பட்டது எதிர்ப்பக்கமான கீழாற்றில்.

"கூடப் பொறந்தவளே மருந்து வெச்சுட்டாளே!" என்றது ஊர்.

மருந்துமில்லை, மாயமுமில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மூன்று ராத்திரி கண் மூடாமல் இருந்துவிட்டு ஓடப் போனவள் அல்பினா. தூக்கமில்லாத கால் பாதி வழிக்கு மேல் வராது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், "அப்புறம் எதுக்குடி ஓட வந்தே?" என்று அவள்மேல் பாய்வார்கள். வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பெத்ரா மேலாற்றுப் பக்கம் வரவே இல்லை.

இந்த வருஷம் அல்பினா நன்றாகத் தூங்கினாள். வறுத்த சோளமாவைக் கரைத்து வயிறு நிறையக் குடித்தாள். துணி சுற்றிய வளையத்தைக் கோலால் தூக்கி எறிந்து, அதன் பின்னாலேயே ஓடினாள். மொத்தம் பதினைந்து சுற்று. கணக்குக்காகச் சுற்றுக்கு ஒரு கல்லை நகர்த்தி வைத்தார்கள்.

பதினோராவது சுற்றில், ஓடைத் திருப்பத்தில், பெத்ரா சுரைக்குடுக்கையோடு நின்றாள்.

"குடிடி அல்பினா. உதடெல்லாம் வெடிச்சிருக்கு பாரு."

அல்பினாவின் கூடவே ஓடிவந்த அவள் புருஷன் சில்வேரியோ கத்தினான்: "தொடாதே! போன வருஷம் பட்டது போதாதா?"

பெத்ரா தானே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு மறுபடி நீட்டினாள். அல்பினா தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனாள். அடுத்த மூன்று சுற்றிலும் அப்படியே.

பதினாலாவது கல் நகர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜெயித்தால் அக்காமேல் பழி நிற்காது. தான் வாய் திறந்து ஒன்றும் சொல்லக்கூட வேண்டாம். வளையத்தை அதுவரை எறியாத தூரத்துக்கு எறிந்து ஓடினாள்.

திருப்பத்தில் யாருமில்லை. பாறையில் கொட்டிய தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. கீழாற்றுப் பாதையில் பெத்ராவின் சிவப்புத் தலைத்துணி இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா!"

அது திரும்பவில்லை.

"ஏன் நின்னுட்டே? ஓடு, ஓடு!" என்றான் சில்வேரியோ.

அல்பினா ஜெயித்தாள். மேலாற்றுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாத்தீங்களா? அவ கையால குடிக்கல, ஜெயிச்சுட்டா. போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு இப்பவாவது தெரியுதா?"

"இல்ல... போன வருஷம் எனக்குத் தூக்கமில்ல. அக்கா ஒண்ணும் பண்ணல" என்றாள் அல்பினா.

"பாவம், இன்னமும் அவளுக்குப் பரிஞ்சு பேசுது பாரு" என்று ஒருத்தி அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.