மாப்பிள்ளை ரத்தம் ஒரு வருஷத்துக்கு வேண்டாம்

நான் மைக்கில் சொன்ன ஒரு ஜோக்கால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. எங்கள் ரத்த வங்கியில் புதிதாக கவுன்சலர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எனக்கு வந்த பாராட்டுக் கடிதங்களைப் பற்றி எழுதலாம் என்று அலமாரியைத் திறந்தேன். இரண்டுதான் இருந்தன. ஒன்றில் என் பெயரே தப்பு. ஆகவே இதை எழுதுகிறேன்.

சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஒரே நிபந்தனை போட்டார்கள்: நாயின் பெயரை மாற்றக் கூடாது.

1. சேலையிலிருந்து ரத்தத்துக்கு

ரத்த வங்கி வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் புத்தூரில் ஆட்டோவில் உட்கார்ந்து, ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியை ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திருப்பதியிலிருந்து ரத்த வங்கி வேன் எங்கள் ஊருக்கு வந்தது. அதில் வந்த மெடிக்கல் ஆபீசரம்மா தெலுங்கு. என் குரலைக் கேட்டுவிட்டு ஆட்டோவை நிறுத்தினார்.

"சீரலு அம்மினவாடிவி, ரக்தம் அடகலேவா?"

சேலை விற்றவனுக்கு ரத்தம் கேட்க முடியாதா என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன். டோனர் மோட்டிவேட்டர் என்று வேலை கொடுத்தார்கள். முதல் நாள் கேம்பில் மைக்கைப் பிடித்து, "வாங்க வாங்க, ஒருத்தர் குடுக்கிற ரத்தம் இன்னொருத்தர் உசுரு" என்று அழகாகத்தான் ஆரம்பித்தேன். வாய்ப்பழக்கம், "ஸ்டாக் உள்ளவரை மட்டுமே" என்று முடித்தேன். டாக்டரம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூட பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் கட்டில். ஹீமோகுளோபின் பார்க்க இன்றைக்குப் போல மிஷின் கிடையாது. காப்பர் சல்பேட் கலந்த நீலத் தண்ணீரில் விரலிலிருந்து ஒரு சொட்டு விடுவோம். சொட்டு முங்கினால் பாஸ், மிதந்தால் ஃபெயில். பாஸான பையன்கள் பரீட்சையில் ஜெயித்த மாதிரி கத்துவார்கள். மாங்காய்ப் பருவத்தில் பங்காருபாளையம் பக்கம் கேம்ப் போட்டால், மண்டிக்காரர்கள் பாக்கெட் ஜூஸைத் தூக்கிப் போட்டுவிட்டு பக்கெட் பக்கெட்டாக மாம்பழச் சாறு கொண்டுவந்து வைப்பார்கள். டோனர்களைவிட எங்கள் வேன் டிரைவர்தான் அதிகம் குடிப்பார்.

ஆட்களைக் கூப்பிடுவது சுலபம். திருப்பி அனுப்புவதுதான் வேலை. பதினெட்டு வயசு முடிந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து கிலோ இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் பன்னிரண்டரை வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் ஆண்களுக்கு மூன்று மாசம், பெண்களுக்கு நான்கு மாசம் இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது. புரட்டாசி சனிக்கிழமை கேம்ப் வைத்தால் பாதிப் பேர் விரதம். நகரியில் ஒருவர் நாற்பத்து மூன்று கிலோதான் இருந்தார். தறியிலிருந்து ஒரு இரும்புத் துண்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு எடை மிஷினில் ஏறினார். அது டங் என்று கீழே விழுந்ததில் பிடிபட்டார். "இரும்புச் சத்து வேணும்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றார். அப்படிப்பட்டவர்களிடம்தான் நான் ஜோக் அடிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கே அடிக்கக் கூடாது என்பதைப் பிறகுதான் கற்றேன்.

2. பாலசமுத்திரம் கேம்ப்

இது சில வருஷங்களுக்கு முன் நடந்தது. அதற்குள் என்னை கவுன்சலராகவும் ஆக்கியிருந்தார்கள். மைக்கும் நானே, மறைவில் உட்கார்ந்து கேள்வி கேட்பவனும் நானே. பாலசமுத்திரத்தில் தாமோதரன் என்றொரு பையன், எங்களுக்குத் தாமு. ஒவ்வொரு வருஷமும் நாற்பது பேரைத் திரட்டி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேம்ப் நடத்துவான். முதல் ஆளாக அவனே படுப்பான். அந்தத் தடவை அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பெண் நகரி, பெயர் ஹேமலதா. அப்பா இல்லாத பெண். தாய்மாமன் கஜேந்திரன் வீட்டில் வளர்ந்தவள். பவர்லூம் வைத்திருக்கும் அந்த மாமனும் பத்திரிகைக் கட்டோடு அன்று வந்திருந்தார். மாப்பிள்ளை நடத்தும் கேம்ப் என்று பெருமையாக அவரும் வரிசையில் நின்றுவிட்டார்.

இரண்டு பீரோவைத் திருப்பி வைத்து, நடுவில் ஒரு சேலையைக் கட்டியதுதான் எங்கள் மறைவு. தாமு உட்கார்ந்தான். நான் ஃபாரத்தைப் படித்துக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று வந்தவன், "நாய் கீய் கடிச்சி ஊசி போட்டுக்கினியா?" என்றதும் நின்றான்.

"அண்ணா, உண்மையத்தான் சொல்லணுமா?"

"இல்ல, கத சொல்லு. உண்மதான்டா."

"போட்டுக்கினேண்ணா. நாலு ஆச்சி. ஒண்ணு பாக்கி கீது."

"எந்த நாயி?"

போனை எடுத்துக் காட்டினான். ஒரு பழுப்பு நாய். அடுத்த போட்டோவும் அதே நாய். உட்கார்ந்த நாய், தூங்கும் நாய், சோறு தின்னும் நாய். மொத்தம் பத்து.

"ஹேமா வீட்டு நாய்ண்ணா. புஜ்ஜி. அவங்க வீட்ல எல்லாம் திருத்தணி போய்ந்தாங்க. ஒரு அஞ்சி நிமிசம் பாத்துட்டுப் போலாம்னு பின்னால கேட்டு பக்கம் போனேன். கடிச்சிட்ச்சி. பத்து நாளு நாய கவனிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நான் எங்க போயி கவனிக்கிறது? அவ தெனம் ஒரு போட்டோ அனுப்பிக்கினு கீறா."

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் போட்டோ அந்தப் போனில் இரண்டோ மூன்றோதான் இருந்தது. நாயின் போட்டோ பத்து.

நாய் கடித்து ஊசி போட்டவர் ஒரு வருஷம் ரத்தம் கொடுக்கக் கூடாது. டாக்டரம்மாவும் பார்த்து ஃபாரத்தில் எழுதிவிட்டார். தாமு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதண்ணா. அவதான் வரச்சொன்னா. தெரிஞ்சா அவளுக்குத்தான் திட்டு."

"நான் ஏன்டா சொல்லப்போறன்?" என்றேன். சத்தியமாக அதைச் சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் சொன்னேன்.

வெளியே பையன்கள், "தலைவர் எங்க? தலைவர் குடுத்தாரா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று மைக்கை எடுத்தேன்.

"மாப்பிள்ளை ரத்தம் ஒரு வருஷத்துக்கு வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க! கல்யாண சூடு, பாட்டிலு தாங்காது!"

பள்ளிக்கூடமே சிரித்தது. எனக்கும் பெருமை. வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

3. "சீக்கு இல்லன்னா ஏன் வேணாம்ன?"

கஜேந்திரன் வரிசையை விட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஒரு வருசத்துக்கு வேணாம்னா, இன்னா சீக்கு அது?"

"சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா."

"சீக்கு இல்லன்னா ஏன் வேணாம்ன?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு ஒரு வரியில் பதில் தெரியாது. "அவர் விஷயத்த நான் சொல்லக் கூடாதுண்ணா" என்றேன். அது உண்மை. ஆனால் அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"நைனா இல்லாத பொண்ணுப்பா. நாளைக்கி ஒண்ணுன்னா எங்க அக்கா மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?" என்றார். பத்திரிகைக் கட்டை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு நாளில் தாமு போன் செய்தான். பெண் வீட்டில் பத்திரிகை கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம். எல்லா டெஸ்டும் எடுத்து ரிப்போர்ட் கொண்டுவரச் சொன்னார்களாம். அவன் அப்பா, "எம் புள்ளைக்கு இன்னா கொற? ரிப்போர்ட்டு குடுத்துதான் பொண்ணு கட்டணுமா?" என்று எகிறி, இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிட்டதாம்.

"டேய், உண்மைய சொல்லிட்றன்டா" என்றேன்.

"வேணாண்ணா. நான் மாட்னா பரவால்ல, அவ மாட்டக் கூடாது. ஹேமாகிட்டயும் இன்னும் சொல்லல. ஊசி போட்டா ரத்தம் எடுக்க மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியாது. எனக்கு இன்னாமோ சீக்குன்னு அவளும் அழுதுக்கினு கீறாளாம். மாமா போன வாங்கி வெச்சிக்கினாராம்."

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். முழுக்கக் கேட்டார். பிறகு, ரத்தம் ஏன் எடுக்க மாட்டோம் என்ற காரணங்கள் அச்சடித்த எங்கள் சார்ட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு ஆளின் காரணத்தைச் சொல்லக் கூடாது, ஆனால் எல்லாக் காரணத்தையும் யாருக்கும் சொல்லலாம் என்றார்.

"மொத்தம் சதுவு. ஒக்கட்டி கூட வதலொத்து."

முழுசாகப் படி, ஒன்றையும் விடாதே. எதையும் அழுத்தியும் படிக்காதே என்று தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

4. நகரியில்

கஜேந்திரன் வீட்டு வாசலில் ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது. போட்டோவில் பார்த்த முகம். என்னைப் பார்த்து உறுமியது.

"பயப்படாத. அது திருடனத்தான் கடிக்கும்" என்றார் கஜேந்திரன். கோபத்திலும் அவருக்கு நாயின் மேல் பெருமை. "போன மாசம் நாங்க ஊர்ல இல்லாதப்போ ஒருத்தன் பின்னால வந்துக்கிறான். கடிச்சி தொரத்திட்ச்சி. கேட்டு பக்கத்துல ஒத்த செருப்பு கெடந்துச்சி. நான் தெரு பூரா சொல்லிக்கினு, அதுக்குக் கறி வாங்கிப் போட்டன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

தறி நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. "இன்னா சொல்லணுமோ சொல்லு" என்றவர், தறிகளை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும் அவருடைய அக்கா, அதாவது பெண்ணின் அம்மா, உள்ளேயிருந்து வந்து நின்றார். கதவுக்குப் பின்னால் ஒரு சேலை நுனி தெரிந்தது.

"தாமு விஷயத்த நான் சொல்ல முடியாதுண்ணா. அன்னிக்கி மைக்ல பேசினது எந்தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். ஆனா ஒரு வருஷம் வேணாம்னு நாங்க எதுக்கெல்லாம் சொல்வோம்னு படிக்கிறேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

படித்தேன். மைக் இல்லாமல், ராகம் இல்லாமல், பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் படிப்பது போல. "மஞ்சக்காமால வந்து தேறினவங்க, ஒரு வருஷம். டைபாய்டு வந்து தேறினவங்க, ஒரு வருஷம். பெரிய ஆப்பரேஷன் பண்ணிக்கினவங்க, ஒரு வருஷம். பச்ச குத்திக்கினவங்க, ஒரு வருஷம். காது குத்திக்கினவங்க, ஒரு வருஷம். நாய் கடிச்சி ஊசி போட்டுக்கினவங்க, ஒரு வருஷம். ரத்தம் ஏத்திக்கினவங்க..."

"மாமா."

கதவுக்குப் பின்னால் இருந்த பெண் வெளியே வந்துவிட்டாள். நான் சார்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது திருடன் இல்ல மாமா."

கஜேந்திரனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாசலைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார்.

"அப்போ அந்த செருப்பு?"

"அவர்துதான். நான்தான் வரச்சொன்னன். திட்றதுன்னா என்னத் திட்டு. அவர் எம்பேர சொல்லக் கூடாதுன்னுதான் இத்தினி நாளு வாய மூடிக்கினு கீறாரு."

அம்மாக்காரி, "அடிப்பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த அடியில் வேகம் இல்லை. மகளின் கல்யாணம் திரும்பக் கிடைத்த நிம்மதி அதில் தெரிந்தது. கஜேந்திரன் தறியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தலை குனிந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது அழுகையில் இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைய கடிச்சதுக்கா அரைக்கிலோ கறி வாங்கிப் போட்டன்?"

பிறகு என்னைப் பார்த்து, "நிறுத்திட்டியே, மீதிய படி" என்றார். ஒன்றையும் விடக் கூடாது என்பது உத்தரவு. மீதியையும் படித்து முடித்துவிட்டுத்தான் காபி குடித்தேன்.

5. ஜூஸ்

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் என்னை மைக் பக்கம் விடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கேம்பில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று மைக்கில் ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே போகிற எல்லோரும் ஒரே வழியாக வெளியே வருவார்கள். எல்லோருக்கும் ஒரே ஜூஸ், ஒரே பிஸ்கட், பத்து நிமிஷம் ஒரே பெஞ்சு. திருப்பி அனுப்பப்பட்டவர் விரும்பினால் முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்டரும் உண்டு. டாக்டரம்மா முதலில் முறைத்தார். அடுத்த மாசம் சாமான் கேட்டு அனுப்பும் இண்டென்ட்டில் இரண்டு பெட்டி பிளாஸ்டர் சேர்த்து எழுதியிருந்தார். வேண்டாம் என்று சொல்லப்பட்டவன் தலை நிமிர்ந்து வெளியே போனால்தான், தகுதி வந்த நாளில் திரும்பி வருவான். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

தாமு திரும்பி வந்தான். "கடைசி ஊசி போட்டு ஒரு வருசம் நேத்தோட முடிஞ்சிதுண்ணா" என்று வரிசையில் முதலில் நின்றான். ஹேமலதா தன் வயிற்றைக் காட்டி, "எனக்கு எப்போண்ணா?" என்றாள். பிரசவம் ஆகி ஒரு வருஷம் போகட்டும், குழந்தை பால் குடிப்பதும் நிற்கட்டும் என்றேன். அவர்களோடு கஜேந்திரனும் வந்திருந்தார். போன தடவை விட்ட இடத்தை இப்போது பிடிக்கிறேன் என்று மறைவுக்குள் வந்து உட்கார்ந்தார். ஃபாரத்தை முழுக்கப் படித்தேன். அவர் பதில் சொன்னார்.

பத்து நிமிஷம் கழித்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் ஜூஸ், முழங்கையில் பிளாஸ்டர். தாமு என் பக்கம் சாய்ந்து, "மாமா குடுத்தாராண்ணா?" என்று கேட்டான்.

"ஜூஸ் குடிச்சாரு" என்றேன்.

அது கஜேந்திரன் காதில் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு என் இடுப்பில் தொங்கிய மைக்கைப் பார்த்தார்.

"ஆஃப்லதான கீது?"

"ஆஃப்தாண்ணா."

நிதானமாக ஸ்ட்ராவை வாயில் வைத்தார்.