எண்ணூர் கொட்டகையில் பஷ்மினா ஆடுகள்

1. ஏசி கொட்டகை

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி இறந்த பிறகு திருவொற்றியூர் வீட்டில் தனியாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்போது வந்தது இந்த வேலை.

எண்ணூரில் மீன் கிடங்கு நடத்தும் முதலாளி ஒருவர் பனிமலைப் பக்கத்திலிருந்து ஐந்து பெட்டை ஆடுகளை இறக்கியிருந்தார். பஷ்மினா சால்வைக்கு மயிர் தருகிற ஜாதி. குளிர் இருந்தால் மயிர் வளரும் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். ஐஸுக்குத்தான் அவரிடம் பஞ்சமில்லையே! கிடங்கை ஒட்டியே ஏசி போட்டுக் கொட்டகை கட்டி, ஆடுகளைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்.

முதல் நாளே மேனேஜர் ரஹீம் சொன்னார்: "நைனா, காஸ்ட்லி சரக்கு. கேமரா கீது, லைட்டு கீது, எதையும் அணைச்சிடாத. மழைக்காலம் முடியறதுக்குள்ள மயிர் வரலேன்னு வெச்சிக்கோ, மொதலாளி பிரியாணிக்குத் தள்ளிடுவாரு."

அதன் பிறகு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. நானும் ஐந்து ஆடுகளும்தான். பேச யாருமில்லாததால் ஆடுகளிடம் பேச ஆரம்பித்தேன். நான்கும் என்னைச் சட்டை செய்யவில்லை. ஐந்தாவது, பழுப்பு நிறம், செவலை என்று கூப்பிடுவேன். குரல் கேட்டால் வந்து முழங்காலில் நெற்றியை வைத்துத் தேய்க்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

2. லைட்டை அணைத்தது

வாரக்கணக்கில் சீப்பு போட்டும் முரட்டு மயிர்தான் வந்தது. "இன்னா நைனா, ஒண்ணியும் காணோம்?" என்று ரஹீம் ஏசியைக் கூட்டினார். ஆடுகளுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

மயிர் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கொட்டகையில எத்தனை மணிக்கு இருட்டும் சார்?"

"இருட்டவே இருட்டாதுங்கம்மா. கேமராவுக்காக லைட்டு எரிஞ்சுகிட்டே இருக்கும்."

"அப்புறம் எப்படி வளரும்?"

விளக்கினார். மயிர்க்கால் இரண்டு வகை. முதல்நிலையில் முளைப்பது முரட்டு மேல்மயிர். அதைச் சுற்றிக் கொத்தாக இருக்கும் இரண்டாம்நிலையில் முளைப்பதுதான் பஷ்மினா. பகல் சுருங்கி இரவு நீளும்போது உடம்பில் மெலடோனின் என்ற ஹார்மோன் கூடும். அதைப் பார்த்துத்தான் இரண்டாம்நிலை மயிர்க்கால் விழிக்கும். ஆடு குளிரை வைத்துக் காலம் பார்ப்பதில்லை, இருட்டை வைத்துப் பார்க்கிறது.

ரஹீம் குதித்தார். "லைட்ட நிறுத்தினா கேமரால இன்னா தெரியும்?"

"ஆடு தெரியாது பாய். ஆனா மயிர் தெரியும்."

"பேஜாரு புடிச்ச ஆளுப்பா நீ" என்றவர், முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். சாயங்காலம் நாலு மணிக்கே ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டி, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவேன். மழைக்காலம் முடிவதற்குள் சீப்பில் பஞ்சு மாதிரி வர ஆரம்பித்தது. தனியாக நின்று கைதட்டினேன், வேறு என்ன செய்வது!

3. செவலை

நான்கு ஆடுகளுக்குத்தான் வந்தது. செவலைக்கு வரவில்லை.

டாக்டரம்மா நேரில் வந்து அதன் தோலில் கடுகளவு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "இது கலப்பு சார். இரண்டாம்நிலை மயிர்க்கால் ரொம்பக் குறைவு. பிறக்கும்போதே உள்ள கணக்கு, இனிமே ஏறாது. நீங்க என்ன பண்ணினாலும் வராது" என்றார்.

ஏசி செலவு கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி நான்கையும் ஒரு மலைப்பண்ணைக்கு விற்றுவிட்டார். செவலை கசாப்புக்கு என்று முடிவாயிற்று. ரஹீமிடம் போய் நின்றேன்.

"பாய், அதை எனக்குக் குடுத்துடுங்க."

"உனுக்கு இன்னாத்துக்கு நைனா?"

"பேச்சுத்துணைக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இட்டுகினு போ" என்றார்.

4. ஒற்றை ஆடு

வீட்டுப் பின்கட்டில் கட்டினேன். அகத்திக்கீரை வைத்தேன், தொடவில்லை. குரல் கொடுத்தேன், திரும்பவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தியது. நாளுக்கு நாள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கும் ஸ்டெல்லா சத்தம் கேட்டு வந்தாள். "இன்னாண்ணே, ஒத்தையா கட்டி வெச்சா அது எப்டி துன்னும்? கூட்டமா இருந்த ஜீவனாச்சே. ஏங்கியே செத்துடும்ணே."

எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! தெரிந்தும் கொண்டுவந்தேன். வீட்டில் ஓர் உயிர் இருக்கட்டும் என்ற ஆசைதான்.

மறுநாள் காலை அவள் பட்டியில் கொண்டுபோய் விட்டேன். நாட்டு ஆடுகள் சுற்றி மோந்து பார்த்தன. ஒரு கிழட்டுப் பெட்டை முட்டித் தள்ளியது. கொஞ்ச நேரத்தில் செவலை அவற்றோடு நின்று தழை மென்றது. நான் கூப்பிட்டேன். வரவில்லை.

கால்நடைத் துறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தீனி, வெளிச்சம், இருட்டு எல்லாம் சரியாகக் கொடுங்கள், ஆனால் எந்த ஆட்டையும் ஒற்றையாக வைக்காதீர்கள். ஆட்டுக்கு அது பொறுக்காது, கத்திச் சொல்லிவிடும். எனக்கும் பொறுக்கவில்லை என்று நான்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.