நூலேணிக்குப் பழகியது

அரிசி அளவு குறையவில்லை. நான் வைத்த குறிதான் அழிந்திருந்தது.

உலைக்கு அரிசி எடுத்ததும் மேலே சமமாகத் தடவி, உள்ளங்கையைப் பதித்துவிட்டுத்தான் மூட்டையைக் கட்டுவேன். அம்மா வீட்டுப் பழக்கம். யார் கை வைத்தாலும் மறுநாள் தெரிந்துவிடும். அந்தமானில், மாயாபந்தரில் ரேஷன் அரிசி கப்பலில் வந்தால்தான் உண்டு என்றிருந்த காலம் அது, இந்தக் காவல்கூட இல்லாமல் முடியுமா? அன்று மூட்டையைப் பிரித்தால் கை அச்சைக் காணோம். மெனக்கெட்டு முழு மூட்டையையும் படியால் அளந்தேன். சரியாக இருந்தது. சாக்கின் ஒரு பக்கம் மட்டும் ஈரம். மோந்து பார்த்தேன். வேர்வை வாடை.

வீட்டில் இருந்தது நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான்.

அவர் மரக் கிடங்கில் குமாஸ்தா. பேனாவைவிடக் கனமான எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தகரப் பெட்டியைத் தவிர. அந்தப் பெட்டியைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நாங்கள் முதன்முதலில் வந்து இறங்கியபோது கப்பல் கரைக்கு வரவில்லை. நடுக்கடலில் நின்றது. நூலேணியில் இறங்கிப் படகில் உட்கார வேண்டும். அவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார். கடைசிப் படியில் அலை படகைத் தூக்கியது. நான் கையை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்தேன். படகுக்கும் கப்பலுக்கும் நடுவே சிக்கிய என் வலது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

பெட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு வேட்டி, நாலு சேலை, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடி உடையவில்லை.

அன்றிலிருந்து அவர் என்ன செய்தாலும் எனக்குச் சந்தேகம்தான். இப்போது விடியும் முன்னே எழுந்து போகிறார், அரிசி கலைந்து கிடக்கிறது என்றால் சும்மா இருப்பேனா?

"எங்க போயிட்டு வாறிய?"

"ஜெட்டி வரைக்கும் காலாற நடந்தேன்."

படகுத்துறை வரைக்கும் காலாற நடந்தவருக்குத் தோளில் ஏன் சிவந்த தடம்? கேட்டால் கொசுக்கடி என்றார். இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஏட்டி, நீ என்ன எடை இருப்ப?" என்றார்.

"எதுக்கு? வித்துரப் போறியளா?"

சிரித்து மழுப்பினார். பக்கத்து வீட்டு வங்காளத்துக்காரி வேறு வேலி ஓரம் வந்து, "போரி லேகே கஹாங் ஜாத்தா ஹை தும்ஹாரா ஆத்மி?" என்றாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு உன் ஆள் எங்கே போகிறான் என்று ஊரே கேட்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவள் வீட்டுக்கோ அரிசி போகிறது, அவள் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறாள் என்றுகூட நினைத்தேன். புத்தி அப்படி எல்லாம் போனது.

ஒருநாள் விடியலில் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஜெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை மனுஷன். மரக் கிடங்கின் பின்பக்கம் போனார். படாக் மரத்தடிகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் மூட்டையை இறக்கினார். சட்டையைக் கழற்றினார். எந்தப் பெண்பிள்ளையும் வரவில்லை. இவர் குந்தி உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு நண்டு மாதிரி நாலு காலில் தவழ்ந்தார். தடி ஒன்றை நெஞ்சு கொடுத்துத் தள்ளினார். கொட்டகை உத்தரத்தைப் பிடித்துத் தொங்கினார். மூளை குழம்பிவிட்டது என்றே முடிவு கட்டினேன். கடைசியில் மூட்டையை முதுகில் சாத்தி என் பழைய சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுக்கின்மேல் தொங்கவிட்டிருந்த முடிச்சுக் கயிற்றில் ஏறினார்.

பாதி ஏறியதும் சேலை நழுவியது. மூட்டை தொப்பென்று விழுந்தது.

சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்று சோறு போடும்போது கேட்டேன்.

"மூட்டை விழுந்துச்சே, அடி பலமோ?"

பிசைந்த கை நின்றது. "பாத்துட்டியா?"

"பாத்தேன். அந்த மூட்டை நான்தான?"

ஆமாம் என்று தலையாட்டினார். போர்ட்பிளேருக்கு மெயின்லாண்டிலிருந்து ஒரு எலும்பு டாக்டர் வந்திருந்தார். அடுத்த கப்பலைப் பிடித்தால் அவரைப் பார்க்கலாம். விட்டால் அவர் ஊருக்குப் போய்விடுவார், கால் இப்படியே மரக்கட்டையாய் நின்றுவிடும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"போலீஸ் லைன்ல ஒரு ஹவில்தார் சொல்லித் தந்தாரு" என்றார். "இரும்புக் குண்டு, கர்லாக்கட்டை ஒண்ணும் வேண்டாமாம். உக்காந்து எந்திரி, தவழு, தள்ளு, தொங்கு, பாரம் தூக்கி நட. சின்னப் பிள்ளைல எல்லாரும் செஞ்சதுதான், ஒடம்பு மறந்துபோச்சுங்காரு. கப்பலுக்கு உன்னைய முதுகுல கட்டி ஏத்திருவேன்."

"போட்டுருவிய."

"போட மாட்டேன்."

"பெட்டியப் போட மாட்டிய. என்னையப் போட்டுருவிய."

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

மனசு சங்கடப்பட்டதா என்றால் பட்டது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. அவர் ஆபீசுக்குப் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அங்கே பார்த்ததையெல்லாம் நானும் செய்ய ஆரம்பித்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மணைமேல் உட்கார முயன்றேன். முதலில் தடாலென்று விழுந்தேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அடுக்களையில் தவழ்ந்தேன். விட்டத்தைப் பிடித்துத் தொங்கினால் கை கழன்றுவிடும்போல வலிக்கும். தண்ணீர்க் குடத்தை அக்கம்பக்கத்தாரிடம் கொடுக்காமல் நானே தூக்கினேன். முழங்கால் முழுதாக மடங்கவில்லை. கையில் மட்டும் பிடி வந்தது. அவரிடம் மூச்சுவிடவில்லை.

கப்பல் வந்த அன்று கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. படகில் எல்லார் சாமானும் குவிந்து கிடந்தது, எங்கள் பெட்டியும் அதில்தான் இருக்கும் என்று நினைத்தேன். படகு கப்பலை ஒட்டியதும் அவர் என் முன்னால் குந்தி, முதுகைக் காட்டி, சேலையை விரித்தார். மேலேயிருந்து ஒரு மாலுமி கத்தினான்.

"ஏக் ஏக் கர்கே! பீட் பே நஹீ!"

ஒவ்வொருவராகத்தான் ஏற வேண்டும், முதுகில் சுமந்து வரக் கூடாது. இவர் உடைந்த இந்தியில் கெஞ்சினார். நூலேணி அறுந்தால் யார் பொறுப்பு என்றான் அவன். இவர் விரித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கம்பைப் படகில் போட்டுவிட்டு ஏணியைப் பிடித்தேன். இடது காலை வைப்பேன், கையால் உடம்பை இழுப்பேன், வலது கால் பின்னாலேயே இழுபட்டு வரும். கீழே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் பெட்டியோடு நிற்பார், எனக்குத் தெரியும். மேலே போனதும் மாலுமி என் புஜத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டான். மூச்சு வாங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அவர் எனக்கு நேர் கீழே ஏணியின் அடியில், படகில் காலைப் பரப்பி ஊன்றி, இரண்டு கைகளையும் மேலே விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் மேலே வந்து சேர்ந்ததுகூடத் தெரியாமல் அப்படியே நின்றார்.

அவர் ஏறி வந்ததும் கேட்டேன். "பெட்டி எங்க?"

"வீட்டுலயே வச்சிட்டேன்."

"நேத்து ராத்திரி அவ்வளவு மடிச்சு வச்சேன். மாத்துச் சேலைக்கு நான் என்ன செய்ய?"

"ரெண்டு கையும் வேணும்லா" என்றார்.

அத்தனை பேர் பார்க்க, அந்தத் தளத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து அழுதேன்.