பள்ளத்துக் கூடாரம்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஒரு கோடை மாலை. நோர்வேயில், ரொம்சோஸ் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஏறும் மலைக்காட்டில் அலைந்து, ஏரிக்கரையில் காய்ந்த மேடொன்றைக் கண்டுபிடித்துக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தேன். பச்சை மழைச்சட்டை போட்ட ஒரு தமிழர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, இஞ்சை அடியாதேங்கோ. பாதையாலை போறவைக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன அண்ணை? வீடுகளுக்குத் தள்ளி எங்கையும் அடிக்கலாம் எண்டு சட்டம் இருக்கு."

"ஓம், இருக்கு. இவ்வளவு காலம் இஞ்சை இருக்கிறன், எனக்குத் தெரியாதே? நாங்களும் ரென்ற் அடிச்சுத்தான் இருக்கிறம்."

பேசும்போதும் திரும்பித் திரும்பிப் பாதையையே பார்த்தார். பிறகு குனிந்து என் கூடார முளையைப் பிடுங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப உங்கட ரென்ற் எங்கை?" என்று கத்தினேன்.

கையை நீட்டினார். கீழே சேற்றுப் பள்ளத்தில், விழுந்த கிளைகளால் மூடி மறைத்த ஒரு கூடாரம். அதன் வாசலில் அவர் மனைவி நனைந்த போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பாதையால் வந்த நோர்வேத் தம்பதி எங்களுக்குக் கையசைத்துவிட்டு, அதே மேட்டில் தங்கள் சிவப்புக் கூடாரத்தை விரித்தார்கள். அவர்களைப் பார்த்து அவர் பணிவாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் முளை அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.