ஹீட்டர் பிளக்கும் என் நாற்பதும்

அன்று காலை நான் நாற்பது எண்ணினேன். முப்பத்தொன்பது அல்ல, முப்பத்தெட்டரை அல்ல. முழு நாற்பது. இதைச் சொல்ல எனக்கு ஐம்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. கேட்க வேண்டியவர்களில் ஒருவரும் இப்போது இல்லை. இருந்தாலும் எழுதி வைத்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

எங்கள் வீட்டில் ஒரு டீசல் கார் இருந்தது. பிறவியிலேயே டீசல் அல்ல. பெரியப்பா வாங்கும்போது பெட்ரோல் கார்தான். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் விட்டு, எங்கிருந்தோ வந்த பழைய டீசல் என்ஜினை அதன் வயிற்றில் பொருத்திக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் அது காருக்கும் பம்பு செட்டுக்கும் நடுவில் ஒரு சத்தத்தோடு ஓடியது. மிச்சம் பிடிக்கும் வேகத்தில் பெரியப்பா டிரைவரையும் நிறுத்திவிட்டார். கார் ஓட்டும் வேலை அவருடைய தம்பியான என் அப்பாவுக்கு வந்து சேர்ந்தது.

பகலில் அந்தக் கார் நல்ல பிள்ளை. காலையில்தான் தகராறு. தஞ்சாவூர்ச் சீமையில் என்ன பெரிய குளிர்? மார்கழியிலும் தை பிறக்கும்போதும் கொஞ்சம் பனி இறங்கும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும். அந்த என்ஜினுக்கோ அதுவே இமயமலை. பெட்ரோல் என்ஜின் போல அதற்குள் பொறி கிடையாது. சூட்டில்தான் டீசல் பற்றும். காலையில் அந்த முதல் சூட்டைக் கொடுப்பதற்காக என்ஜினில் நான்கு ஹீட்டர் பிளக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். டேஷ்போர்டில் ஒரு குமிழை இழுத்துப் பிடித்தால் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய் அவற்றின் நுனி பழுக்கும். பழுத்த பிறகு ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். பழுத்துவிட்டது என்று காட்ட விளக்கு எதுவும் எங்கள் காரில் இல்லை. பட்டறைக்காரர், “நாப்பது எண்ணுங்க, அப்பறம் அழுத்துங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

யார் எண்ணுவது? அப்பா எண்ணினால் பாதியில் வேறு யோசனை வந்து எண்ணிக்கை தவறும். எண்ணுவதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை என்பது பெரியப்பாவின் அபிப்பிராயம். ஆகவே ஒன்பது வயதில் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க எண்ணுவேன். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் எண்ணினால் ஓடிவிடும் என்பதால், களத்தில் நெல் அளப்பவர் எண்ணுகிற ராகத்தில் எண்ணுவேன். அவர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை. “லாபம்... லாபம்... ரெண்டு... ரெண்டு...” என்று ஒரு மரக்கால் கவிழ்கிற வரைக்கும் இழுப்பார்கள். நானும் லாபத்தில் தொடங்கி நாற்பதில் முடிப்பேன். அப்பா அழுத்துவார். புழக்கடை முழுக்க வெள்ளைப் புகை கிளம்பும். கோழிகள் ஓடும். பின் சீட்டிலிருந்து பெரியப்பா, “ம்” என்பார். அது எனக்குக் கிடைத்த சம்பளம்.

அந்த மார்கழியில் ஒரு பிளக் எரிந்துபோயிற்று. அப்பா கும்பகோணம் போய்ப் புதிது ஒன்று வாங்கிவந்தார். நான்கையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வரிசையாகச் சாக்கின் மேல் வைத்தார். பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். மூன்று பிளக்குகளின் நுனி மிளகாய்ப்பழம்போல் சிவந்தது. ஒன்று கறுப்பாகவே கிடந்தது. அதன் நுனிக் கம்பி அறுந்திருந்தது.

“ஒண்ணுதானே போயிருக்கு, மிச்சம் மூணு சுடாதா?” என்று கேட்டேன்.

“நாலும் கையைக் கோத்துக்கிட்டு நிக்கிது. ஒண்ணு கையை விட்டா எதுக்கும் கரண்ட் போவாது” என்றார் அப்பா.

எரிந்த பிளக்கைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டார். அந்த டின்னுக்கு நான்தான் கணக்கு. நட்டு ஏழு, வாஷர் பன்னிரண்டு, உடைந்த பூட்டு ஒன்று, எரிந்த பிளக் ஒன்று. ஆக இருபத்தொன்று.

இது நடந்தது ஊரெல்லாம் நிலத்தைப் பற்றியே பேச்சாக இருந்த காலம். கறுப்பு சிவப்புக் கொடி ஆட்சிக்கு வந்திருந்தது. எங்கள் வாய்க்கால் மதகில் அந்தக் கொடி ஒன்றும், அதற்கு ஒரு முழம் உயரமாகச் செங்கொடி ஒன்றும் பறந்தன. குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது நிலத்தைவிட்டு இறக்க முடியாது. ஏறாவிட்டால் அறுவடையோடு போகச் சொல்லிவிடலாம். எங்கள் நிலத்தில் ஒன்பது மாவை, அதாவது மூன்று ஏக்கரை, ஒருவர் இருபத்திரண்டு வருஷமாகச் சாகுபடி செய்துவந்தார். மூன்று பெண் பிள்ளைகள் அவருக்கு. அவர் மனுக் கொடுத்துவிட்டார்.

பெரியப்பாவுக்கு அது பெரிய அதிர்ச்சி. குத்தகைக்காரரே இல்லை, தினக்கூலிக்கு வந்த ஆள் என்று பதில் மனு எழுதிப் போட்டார். குடவாசலில் தாசில்தார் முகாம் போட்டு விசாரணை வைத்தார். காலை பத்து மணி. நேரில் வந்து ஆட்சேபிக்காவிட்டால் மனுதாரர் பெயர் பதியப்படும் என்று நோட்டீஸில் இருந்தது. வயல் விவகாரம் அப்பா கையில் இருந்ததால் அப்பாதான் சாட்சி.

முதல் நாள் சாயங்காலம் கூடத்தில் பெரியப்பா அப்பாவுக்குப் பாடம் எடுத்தார்.

“கூலி ஆளு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசாதே.”

“குத்தகை நெல்லை வருஷா வருஷம் நான்தானே அண்ணா அளந்து வாங்குறேன்.”

“நீ அளந்தது உனக்கும் எனக்கும் தெரியும். தாசில்தார் களத்துல வந்து நின்னானா? எங்கே, சொல்லு.”

அப்பா சொன்னார். சத்தம் போதவில்லை என்று இன்னொரு தடவை சொல்லவைத்தார். மூன்றாவது தடவை சரியாக இருந்தது. “நாளைக்கு இதே மாதிரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்பா கார் நிறுத்தியிருந்த கொட்டகைப் பக்கம் போனார். அம்மா காபி ஆறுகிறதென்று மூன்று தடவை கூப்பிட்டாள். அவர் வரும்போது கையில் கரி இருந்தது.

மறுநாள் ஏழரைக்கு நாங்கள் காரில் ஏறினோம். நல்ல பனி. பெரியப்பா வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரத்தோடு பின் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் கட்டுக் காகிதம். அப்பா குமிழை இழுத்தார். நான் லாபத்தில் தொடங்கி நாற்பதில் முடித்தேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் இருமியது. பற்றவில்லை.

“இன்னொரு தடவை எண்ணு” என்றார் அப்பா.

எண்ணினேன். இருமல்தான். நான்காவது தடவை இருமலும் தேய்ந்து, ஸ்டார்ட்டர் முனகி அடங்கிவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

“என்னடா எண்ணுறே?” என்று பெரியப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். “பள்ளிக்கூடத்துல இதுதான் சொல்லிக் குடுக்கிறானா? நாப்பதுன்னா நாப்பது எண்ணணும். முப்பதுல வந்து நிக்கிறே.”

“நாப்பது எண்ணினேன் பெரியப்பா.”

“புது பிளக் போட்டாச்சு. நேத்து வரைக்கும் ஓடின வண்டி. அப்பறம் என்ன கோளாறு? உன் எண்ணிக்கைதான்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியை அவர் ஒன்பது தடவை துடைத்தார். நான் எண்ணினேன்.

பெரியப்பாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. “டின்னுல வேற பிளக் ஏதாவது இருக்கா, பார்.”

ஓடினேன். டின்னைச் சாக்கில் கொட்டினேன். நட்டு ஏழு, வாஷர் பன்னிரண்டு, பூட்டு ஒன்று, பிளக் ஒன்று. இருபத்தொன்று. பிளக் பளபளவென்று இருந்தது. அப்பா தேய்த்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கணக்குச் சரியாக இருந்ததால் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து, “ஒண்ணுதான் இருக்கு. எரிஞ்சுபோன பழசு” என்றேன்.

அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குட்டு வாங்கியதற்காக இரக்கப்படுகிறார் என்று எண்ணி எனக்கு அழுகை வந்தது.

ஆறு ஐம்பது பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது பதினொன்றுக்கு. மாட்டுவண்டி கட்டினால் குடவாசலுக்கு மூன்று மணி நேரம். பக்கத்து ஊரில் ஒரு வாடகைக் கார் உண்டு. அது யாருக்கோ அறுபதாம் கல்யாணம் என்று திருக்கடையூர் போயிருந்தது. தள்ளித்தான் பார்க்க வேண்டும். பெரியப்பா ஆள் அனுப்பினார். ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் மனுக் கொடுத்தவரின் தெருக்காரர்கள். அவர் முதல் பஸ்ஸிலேயே குடவாசல் போய்விட்டார் என்பதும், இந்தக் கார் எதற்காகப் போகிறது என்பதும் அந்த ஆறு பேருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிட்டபோது வந்தார்கள்.

“ஐயா இறங்கிக்கிட்டா கொஞ்சம் லேசா இருக்கும்” என்றார் அவர்களில் வயதானவர்.

“ஏறினவன் இறங்க மாட்டேன். தள்ளுங்கடா.”

“காரு கனமா, ஐயா கனமான்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் சொன்னது என்று பெரியப்பா திரும்புவதற்குள் ஆறு முகமும் தரையைப் பார்த்தன.

தள்ளினார்கள். ஐயனார் கோவில் வரைக்கும் தெருவில் கார் சத்தமில்லாமல் உருண்டது. ஓடுகிற வேகத்தில் அப்பா கிளட்ச்சை விட வேண்டும்; விட்டால் சக்கரம் என்ஜினைச் சுற்றும், பற்றிக்கொள்ளும். அது எனக்கு அன்று தெரியாது. அவருடைய இடது கால் பலகையில் ஆணி அடித்ததுபோல் கிளட்ச்சை மிதித்தபடியே இருந்தது மட்டும் தெரியும். கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

“வண்டி வெண்ணெயாட்டம் போவுது” என்றார் வயதானவர், மூச்சு வாங்கிக்கொண்டு. ஜன்னலோரமாக ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பாவின் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். திரும்பித் தம் ஆட்களிடம், “நல்லாத் தள்ளுங்கப்பா! ஐயாவுக்கு அவசர வேலை” என்று கத்தினார். அதற்கப்புறம் அவர்கள் தள்ளிய உற்சாகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. ஐயனார் கோவிலுக்கும் வீட்டுக்குமாக நான்கு நடை. பின் சீட்டில் பெரியப்பா சாமி புறப்பாடுபோல் போய்வந்தார். ஒன்பதே முக்காலுக்கு இறங்கி, காகிதக் கட்டோடு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் ஒன்றரைக்கு மனுக் கொடுத்தவர் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெரு வழியாக நடந்தார். பெயர் பதிவாகிவிட்டது என்று கேட்காமலே தெரிந்தது. எப்போதும் இடுப்பில் இருக்கிற துண்டு அன்று தோளில் இருந்தது.

மறுநாள் பேட்டரி சார்ஜ் ஏறி வந்தது. நான் அதே ராகத்தில் அதே நாற்பது எண்ணினேன். கார் ஒரே அழுத்தில் கிளம்பியது. “பாத்தியா, இன்னிக்கு ஒழுங்கா எண்ணினான்” என்றார் பெரியப்பா. வழக்கமான “ம்”மையும் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அது எனக்குக் கசந்தது. டின்னைப் போய்ப் பார்த்தேன். இருபத்தொன்றுதான். பிளக் மறுபடியும் கறுத்திருந்தது. ஈரக் காற்றில் துரு ஏறியிருக்கும் என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்தில் துருவைப் பற்றி அப்போதுதான் நடத்தியிருந்தார்கள்.

ஊரில் என் பெயரே நாற்பது என்றாகிவிட்டது. அதற்காகத்தான் அப்புறம் நான் எதையும் இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தேன். இன்றைக்கும் மாத்திரை, படிக்கட்டு, பஸ்ஸில் ஜன்னல் எல்லாம் எனக்கு இரண்டு தடவை. அப்பா இருந்தவரை அந்தக் காலையைப் பற்றிப் பேசவில்லை; நானும் கோபத்தில் கேட்கவில்லை. நாற்பத்திரண்டாவது வயதில் எனக்கென்று ஒரு டீசல் கார் வாங்கி, அதுவும் ஒரு காலை மக்கர் செய்தபோது, மெக்கானிக் எரிந்த பிளக்கையும் புதியதையும் என் உள்ளங்கையில் சேர்த்து வைத்தார். எரிந்ததை எவ்வளவு தேய்த்தாலும் பளபளக்காது. நுனிக் கம்பி அறுந்தது அறுந்ததுதான். நான் அந்தப் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டின்னில் ஒன்று இருந்தது. எந்த ஒன்று என்று நான் பார்க்கவில்லை.

அந்தத் தைப் பொங்கலன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மனுக் கொடுத்தவர் புது வேட்டியில் எங்கள் வாசலுக்கு வந்தார். பெரியப்பா உள்ளேயே இருந்துவிட்டார். வந்தவர் அப்பாவுக்கு ஒரு பரங்கிக்காயைக் கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, தோகையோடு ஒரு முழுக் கரும்பை நீட்டினார்.

“தம்பி, அன்னிக்கு நீங்க எண்ணுனது ரொம்பச் சரியான கணக்கு” என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. சிரித்துச் சிரித்துத்தான் கலங்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஊர் முழுக்கக் கேலி செய்தது போதாதென்று இவரும் வாசலுக்கே வந்துவிட்டார். கரும்பை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் நாப்பதுதான் எண்ணினேன்!” என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். அதில் பதினேழு கணு.