கொரியாக்கார அண்ணாச்சியின் வண்டி

ஓர் இடத்தில் உட்காராத பிள்ளை நான். காலில் சக்கரம் கட்டியிருக்கிறது இவளுக்கு என்று அம்மா சொல்வாள். ஆறாம் வகுப்பு படித்த வருஷம், சாரல் தொடங்கிய வாரத்தில், என்னைவிட நிலைகொள்ளாத ஒருத்தி மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ஒரே பெட்டியோடு வந்திருந்தாள். அவள் கன்னம் கன்றியிருந்ததைப் பார்த்த அப்பா, மறுநாளே வக்கீலிடம் பேசிவிட்டு வந்தார்.

சித்தி பகலெல்லாம் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்தான். தாளிக்கிற வாசனைக்கே எழுந்து போய்விடுவாள். ஒருநாள் போனில் கொரியா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவள், சென்னையில் வேலைபார்த்த காலத்தில் தின்ற டொக்போக்கி ஒரு பிளேட் கிடைத்தால் தேவலை என்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெயர் எழுதிய தள்ளுவண்டியைக் குற்றாலத்தில் ஸ்கூல் வேனிலிருந்து நான் பார்த்திருந்தேன்.

உடனே ஸ்கூட்டரில் கிளம்பினோம். மெயின் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தள்ளுவண்டியைக் காணோம். "குளிக்க விடுத எடத்துலதான் அவரு நிப்பாரு, ஐந்தருவில பாருங்க" என்றார் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர். ஐந்தருவிக்குப் போனால் அங்கேயும் அப்போதுதான் தடை. பழைய குற்றாலத்துக்குத் திருப்பினோம். வழியெல்லாம் நான் எட்டி எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஆடாம இரு" என்று சித்தியிடம் திட்டு வாங்கினேன்.

அங்கே நின்றது வண்டி. சென்னைப் பக்கம் ஒரு கொரியாக் கம்பெனியின் கேண்டீனில் சமைத்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணாச்சி ஒருவர் அதை நடத்தினார். அரிசி மாவை அவித்து, விரல் நீளத்துக்கு உருட்டி, சிவந்த குழம்பில் கொதிக்கவிட்டிருந்தார். எங்கள் வீட்டுக் கொழுக்கட்டைதான், கொஞ்சம் திமிர் பிடித்தது. பிளேட் நாற்பது ரூபாய். கூடவே வினிகரில் ஊறிய முள்ளங்கி சும்மாவே தந்தார். சித்தி அந்த முள்ளங்கியை மட்டும் நாலு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்றாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திரும்பும்போது, "வீட்டுல சொல்லிராதட்டி" என்றாள். தெருக்கடையில் தின்றால் அம்மா வைவாளே, அதற்காக என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் வாயை அடக்கினேன். என் வரையில் அது பெரிய சாதனை. நாலாம் நாள் காலையில், சித்தி தொடாமல் வைத்த இட்லித் தட்டோடு அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். "இப்படித் திங்காமக் கெடந்தா என்ன ஆவா" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியைப் பற்றியும் நாலு கிண்ணத்தைப் பற்றியும் கொட்டிவிட்டேன். அம்மா வையவில்லை. "புளிப்பாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சித்தியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு வீட்டில் வக்கீல் பேச்சே இல்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். இனி எல்லாம் சரியாயிரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அறைக்குள் சித்தி மாட்டேன் மாட்டேன் என்று சொல்வது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா காரோடு வந்தார்.

மசக்கை என்ற வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. அவள் மறைக்கச் சொன்னது தெருக்கடையை இல்லை என்பதும் தெரியாது. அம்மா ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்த முள்ளங்கி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, கார் ஜன்னல் வழியாகச் சித்தப்பாவிடம் நான்தான் கொடுத்தேன். "இது இருந்தா சித்தி நல்லாச் சாப்பிடுவா" என்றேன். அவர் சிரித்து என் தலையைத் தட்டினார். சித்தி என் பக்கம் திரும்பவில்லை.

தெரு முனை தாண்டும்வரை கையாட்டிவிட்டுக் கோபமாக உள்ளே வந்தேன். அவளைச் சாப்பிட வைத்ததே நான்தானே; போகும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன?